ஐம்பத்தொன்பது சதுரப் பாம்பு

"ஐயோ... என் பேப்பர்!"

அம்சவல்லி எட்டிப் பிடிப்பதற்குள் காற்று முந்திக்கொண்டது. மதகுச் சுவரில் விரித்து வைத்திருந்த தாள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீரில்லாத வாய்க்காலுக்குள் இறங்கியது. அங்கே ஒருவன் குனிந்து, நீர்மட்டம் பார்க்கும் அளவுகோல் கல்லின் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். தாள் போய் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டது.

அவன் நிமிர்ந்தான். தாளை எடுத்தான். பார்த்தான்.

கட்டம் போட்ட தாள். கறுப்புச் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேரே போய், சட்டென்று வலப்பக்கம் திரும்பி, மறுபடி நேரே போய், இடப்பக்கம் திரும்பி... மொத்தம் ஏழு திருப்பங்கள். கடைசியில், தனியாக ஒரே ஒரு சதுரம்.

அவன் புருவம் நெரிந்தது.

"யாரு போட்ட பிளான் இது?"

"நான்தான். குடுங்க சார்."

"எந்த வாய்க்கால்லேர்ந்து எடுக்கப் போறீங்க? அணை திறக்க இன்னும் ஒரு வாரம்கூட இல்ல, அதுக்குள்ள கரையை உடைக்க பிளானா? இந்தத் தனிப் புள்ளி யார் வீட்டு போர்வெல்?"

"அது போர்வெல் இல்ல. தீனி."

"தீனியா?"

"பாம்புக்கு."

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்து காலடியைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"பயப்படாதீங்க சார். கேக்குப் பாம்பு! எங்கப்பா பொறந்தநாளுக்கு."

அவன் தாளைத் தலைகீழாகத் திருப்பினான். தலைகீழாகவும் அது வாய்க்கால் வரைபடம் போலத்தான் இருந்தது. அப்புறம் அவளைப் பார்த்தான். அப்போதுதான் அவளும் பார்த்தாள்... எதையும் ஒரு முறை அளந்து பார்க்காமல் விடாத கண்கள். அந்த அளவு இப்போது தன் முகத்தில் நடக்கிறது என்று தெரிந்ததும், துப்பட்டா போடாமல் வந்த சுடிதாரில் இழுத்து விடுவதற்கு எதுவும் கிடைக்காமல் கை தவித்தது.

"நான் கோவிந்தராசு. பொதுப்பணித் துறைக்குப் புதுசா வந்திருக்கிற இன்ஜினியர்" என்றான், கொஞ்சம் அசடு வழிய. "இந்த மாசத்துல யார் கையில கட்டம் போட்ட பேப்பரைப் பார்த்தாலும் எங்களுக்குச் சந்தேகம்தான்... சரி, அது என்ன பாம்பு?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டதும் அவள் மதகுச் சுவரில் வசதியாக உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அப்பா வீரையனுக்கு பட்டன் போனில் பாம்பு விளையாட்டு என்றால் உயிர். முறைத் தண்ணீருக்காக வரப்பில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிற மனிதருக்கு வேறு என்ன துணை? ஆடி ஆடி, நாலு பக்கமும் திரும்ப அழுத்துகிற இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகிய எண்கள் பொத்தானிலிருந்தே அழிந்து போயிருந்தன.

"விளையாட்டு ரொம்ப சுலபம் சார். பாம்பு போய்க்கிட்டே இருக்கும், நிக்காது. தீனியைத் தின்னா ஒரு சதுரம் நீளும். சுவத்துல முட்டினாலோ, தன் உடம்புலயே முட்டினாலோ செத்துடும். தலை எங்க திரும்புச்சோ, அதே எடத்துலதான் கடைசிச் சதுரமும் திரும்பும். கொஞ்சம் லேட்டா வரும். ஆனா குறுக்கு வழியில போகாது."

"எங்க தண்ணி மாதிரி" என்றான் அவன்.

"உங்க தண்ணி எங்க வருது? அதானே பிரச்சினை!"

அவள் சொன்ன கதை இது. ஆலடிக்காடு கடைமடை ஊர். கல்லணையிலிருந்து வரும் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்த பிறகு, மிச்சம் இருந்தால் இங்கே வரும். வீரையன் பிறந்தது புதுத் தண்ணீர் ஊருக்குள் நுழைந்த அன்று. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் பாதி வகுப்புக்கும் போட்டதுபோல அவருக்கும் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார். வீட்டில் அதை யாரும் மதிப்பதில்லை. எந்த நாளில் தண்ணீர் வருகிறதோ அந்த நாள்தான் பிறந்தநாள். வந்தால் ஒரு வயது.

"ரெண்டு வருஷமா வரல. அதனால அப்பா அம்பத்தெட்டுலயே நிக்கிறாரு. எங்கம்மா, 'எனக்கு மட்டும் வயசு ஏறுது, இன்னும் ரெண்டு வருஷம் இப்படிப் போனா நீ என்னை அக்கான்னு கூப்பிடணும்'னு சண்டை போடுது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இந்த வருஷமும் வரலைன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிடுவேன்னு சொல்லிட்டாரு சார். ரெண்டு ஏக்கர்தான். ஆனா அந்த ரெண்டு ஏக்கர் இல்லாம எங்கப்பா... அது எங்கப்பாவே இல்ல." அவனிடமிருந்து தாளை வாங்கி மடித்தாள். "அதான், வரும்னு நம்பி கேக் போடுறேன்."

அவன் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "கேக் எந்த நேரத்துக்கு ரெடியா இருக்கணும்?"

"தண்ணி வர்ற நேரத்துக்கு. வெண்ணெய் கிரீம் சார். வீட்ல பிரிட்ஜ் இல்ல, இந்த வெயில்ல ரெண்டு மணி நேரத்துல உருகிடும்."

"அப்ப நான் நேரம் சொல்றேன். காஞ்ச வாய்க்கால்ல முதல் தண்ணி ஓடாது, தவழும். மண்ணு குடிச்சு, வெடிப்பு நெறைஞ்சு, அப்புறம்தான் நகரும். மணிக்கு ஒரு கிலோமீட்டர்னு வெச்சுக்கலாம். எங்க இருக்குன்னு தெரிஞ்சா எப்ப வரும்னு சொல்லிடலாம்... உங்க நம்பர்?"

நம்பர் கேட்பதற்கு உலகத்தில் இதைவிட நல்ல காரணம் யாருக்கும் கிடைத்திருக்காது. அவள் பேரைச் சொல்லி, பத்து எண்களையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். தப்பாக எழுதிவிடக் கூடாதே...!

*

நான்கு நாள் கழித்து, பேராவூரணி பஸ் நிலையத்தில் மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை. சொல்லாமல் வந்து, சொல்லாமல் போகிற மழை. கோகோ பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தவள், கூரைக்குக் கீழே ஏற்கெனவே ஒதுங்கியிருந்த ஒரு ஹெல்மெட்டின் மேல் மோதினாள்.

"பாம்பு தன் உடம்புலயே முட்டக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றது ஹெல்மெட்.

கண்ணாடியைத் தூக்கினான். இமை நுனியில் ஒரு துளி மழை விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அது விழும்வரை அவள் அதையே பார்த்தாள்.

"கல்லணை தொறந்தாச்சு" என்றான். "கேக் எந்த அளவுல இருக்கு?"

அவள் ஆரம்பித்துவிட்டாள். அடுப்புக்கு குக்கர்தான். அடியில் ஒரு அங்குலத்துக்கு ஆற்றுமணல், தண்ணீர் கிடையாது. மூடியிலிருந்து ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். ஆவி அடைபடக் கூடாது, சூடு மட்டும் சுற்றி நிற்க வேண்டும். பத்து நிமிடம் மணல் காய்ந்ததும் ஏழு அங்குல மாவுப் பாத்திரத்தை இறக்கி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். வெந்ததா என்று பார்க்கத் தென்னை ஈர்க்கு. ஆறியதும் ஒன்றரை அங்குலச் சதுரங்களாக வெட்ட வேண்டும்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"அரசாங்கம் குடுத்த இலவச டிவியில. மத்தியானச் சமையல் நிகழ்ச்சி. முதல் தடவை ரப்பரைக் கழட்ட மறந்துட்டேன். இட்லி மாதிரி வந்துச்சு. அப்பா சாம்பார் கேட்டாரு."

அவன் சிரித்தான். "உங்க பாத்திரம் ஏழு அங்குல வட்டம். ஒரு சதுரம் ஒன்றரை அங்குலம். பரப்பளவை வகுத்தா... பதினேழு துண்டு வரணும்."

"பாஸ் பண்ணீங்களா சார் இன்ஜினியரிங்?"

"ஏங்க?"

"பரப்பளவை வகுத்தா கேக் வராது. வட்டத்துல சதுரம் வெட்டினா மூலை வெளிய போயிடும்ல? நாலுக்கு நாலு போட்டு நாலு மூலையை விட்டுடணும். பன்னெண்டு. அஞ்சு கேக் போட்டா அறுபது. பாம்புக்கு அம்பத்தொம்பது, தீனிக்கு ஒண்ணு. அம்பத்தொம்பதாவது வயசு... கணக்குச் சரியா?"

அவன் விரலால் காற்றில் வட்டம் போட்டு, அதற்குள் கட்டம் போட்டுப் பார்த்தான். தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை அவள் பார்த்ததே இல்லை.

"அந்த ரெண்டு ஏக்கர் எங்க இருக்கு?" என்று கேட்டான், மழை குறைந்தபோது. "ஆலடிக்காட்டுல எந்தப் பக்கம்?"

"கோடிக்குண்டு வயல். அப்பா சின்ன வயசுல பண்ணை வேலை பார்த்த அதே வயல்தான். நில உச்சவரம்புச் சட்டத்துல எங்களுக்கு வந்துச்சு. மேலக்கோட்டை பெரிய வீட்டுக்காரங்க விடல. கோர்ட்டு, போலீசு... பதினாலு வருஷம் கேஸ். அப்பா ஒரு தடவை ஜெயிலுக்கே போயிட்டு வந்தாரு. நெல் அறுத்த குத்தத்துக்கு. அவரு நட்ட நெல்லு..."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அம்சவல்லி... நான் படிச்சது எல்லாம் திருச்சி ஹாஸ்டல்ல. அதனால இந்தப் பக்கம் என்னை யாருக்கும் தெரியாது." நிறுத்தினான். "மேலக்கோட்டை பெரிய வீடு... எங்க வீடு. ரெத்தினம் எங்கப்பா."

மழை நின்றிருந்தது. கூரை விளிம்பு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அம்சவல்லி கோகோ பொட்டலத்தைப் பையில் போட்டாள். பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது.

"போன் பண்ண வேணாம் சார்" என்றாள்.

"தண்ணி எங்க இருக்குன்னு..."

"எங்க தண்ணி எங்க நிக்கும்னு எங்களுக்குத் தெரியும். ரெண்டு வருஷமா உங்க ஊர்லதான் நிக்கிது."

பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்ததும், 'ஏன்டி பார்க்கல?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

*

முறைப்படி ஆலடிக்காட்டுக்குத் தண்ணீர் திரும்ப வேண்டிய நாள் வந்தது. ஐந்து கேக்கும் முந்தின நாளே வெந்துவிட்டன. பரண்மேல் கிடந்த பழைய கேரம் போர்டைக் கழுவி, அதன்மேல் வாழை இலையைக் குப்புறப் பரப்பினாள். இலையின் அடிப்பக்கம் வெளுத்த பச்சை... அப்படியே பட்டன் போனின் திரை. அறுபது துண்டுகளும் ஈரத் துணிக்குள் தயார். கிரீம் மட்டும் குழைக்க வேண்டும்.

காலை ஏழு மணி. எட்டு. ஒன்பது.

வீரையன் மதகில் உட்கார்ந்து பாம்பு ஆடிக்கொண்டிருந்தார். அவர் ஆட்டம் சரியில்லை. நிமிடத்துக்கு ஒரு பாம்பு செத்தது.

"பாப்பா, திருப்பூருக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வை" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்சவல்லி சைக்கிளை எடுத்தாள்.

கரையோரமாகவே மேலே மிதித்தாள். ஒரு கிலோமீட்டர்... காய்ந்த மண். இரண்டு... காய்ந்த மண். நான்காவது கிலோமீட்டரில், மேலக்கோட்டை மதகுக்கு அருகே, சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தமும், மனிதச் சத்தமும்.

வாய்க்காலின் குறுக்கே, மதகுத் தூண்களின் பள்ளத்தில், மூன்று பனம்பலகைகள் செருகியிருந்தன. அதற்கு மேல்புறம் தண்ணீர் இடுப்பளவு நின்றது. கீழ்ப்புறம் ஈரம்கூட இல்லை. எல்லாத் தண்ணீரும் பக்கவாட்டில் மேலக்கோட்டை வயல்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கரையில் ஏழெட்டுப் பேர். நடுவில் வெள்ளை வேட்டியில் ரெத்தினம். தண்ணீருக்குள், சட்டையோடு, கோவிந்தராசு.

"யாருக்காகடா பலகையைத் தூக்குற? அந்த வீரையனுக்காகவா?"

"நம்ம ஊர் முறை நேத்து சாயங்காலம் ஆறு மணியோட முடிஞ்சுதுப்பா."

"நம்ம நிலத்துல உக்காந்திருக்கிறவன்டா அவன்!"

"அவரு நிலம். பட்டா அவரு பேர்ல இருக்கு. நான் பார்த்துட்டேன்."

"வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம் ஆகல... அப்பனுக்குச் சட்டம் சொல்றான்!"

கோவிந்தராசு மேல் பலகையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். முனை நான்கு விரற்கடை ஏறியது. அங்கேயே இறுகி நின்றது. மறுபடி இழுத்தான். அசையவில்லை. கரையில் ஒருவர் சிரித்தார். யாரும் இறங்கவில்லை.

அம்சவல்லிக்குப் பார்த்த உடனே புரிந்தது. பள்ளத்துக்குள் செருகிய பலகை அது. ஒரு முனை மட்டும் ஏறினால் கோணலாகிச் சிக்கிக்கொள்ளும். இரண்டு முனையும் ஒன்றாக, ஒரே அளவில் ஏற வேண்டும். ஒரு ஆளால் முடியாது. ஒருவனுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் முடியாது.

சைக்கிளைச் சாய்த்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள். இறங்கினாள்.

தண்ணீர் ஜில்லென்று ஏறியது. அவன் திரும்பிப் பார்த்தான். தலைமுடியில் சேறு, கண்ணில் நம்ப முடியாத ஒரு வெளிச்சம்.

"உங்க முனையைக் கீழ இறக்குங்க சார்" என்றாள். "சமமாகட்டும். நான் மூணு சொன்னதும் ரெண்டு பேரும் ஒண்ணா தூக்கணும்."

"அம்சவல்லி..."

"பேச்செல்லாம் அப்புறம். ஒண்ணு... ரெண்டு..."

மூன்று.

முதல் பலகை வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. மிச்சப் பலகைகளைத் தாண்டி வெள்ளிப் பட்டையாகத் தண்ணீர் மறுபக்கம் குதித்தது. இரண்டாவது பலகை... கால் நழுவியது, அவன் கை நீண்டது, அவள் பிடித்துக்கொண்டாள், பலகையைத்தான்! மூன்றாவதை எடுத்தபோது வாய்க்காலே மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம்.

ரெத்தினம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீரையன் மகளா நீ?"

"ஆமாங்க ஐயா."

"ம். அவனும் இப்படித்தான்... கேட்காம எறங்கிடுவான்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோடு நடந்தார். போகிற போக்கில், "ஈரத்தோட நிக்காதடா, சளி புடிக்கும்" என்று மகனுக்கு மட்டுமில்லாமல் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

கோவிந்தராசு மணிக்கட்டைப் பார்த்தான். கடிகாரத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. ஆனாலும் சொன்னான்.

"நாலு கிலோமீட்டர். நாலு மணி நேரம். கிரீம் போட்டுடுவீங்களா?"

"ரெண்டு மணி நேரம் போதும்!"

அவள் சைக்கிள் பறந்தது. பின்னால், காய்ந்த மண்ணை நக்கி நக்கிக்கொண்டு, தண்ணீர் தவழ்ந்து வந்தது.

*

முதலில் வந்தவை கொக்குகள். வெடிப்புகளிலிருந்து வெளியே ஓடும் பூச்சிகளைத் தின்ன, தண்ணீருக்கு முன்னால் தத்தித் தத்தி வரும் வெள்ளைக் கூட்டம். அப்புறம் ஒரு சலசலப்பு. சருகு, வைக்கோல், தென்னம்பூ எல்லாவற்றையும் நுரையோடு தள்ளிக்கொண்டு, வளைவு திரும்பி... வந்துவிட்டது!

வீரையன் நிமிர்ந்து பார்த்த நொடியில் போனில் பாம்பு சுவரில் முட்டியது.

"செத்தா சாகட்டும்!" என்று போனைத் துண்டில் எறிந்துவிட்டு வாய்க்காலுக்குள் குதித்தார். "அம்பத்தொம்பது! ராமாயி, எனக்கு அம்பத்தொம்பது!"

"அப்பாடா... நான் அக்கா ஆகாமத் தப்பிச்சேன்" என்றாள் ராமாயி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மதகுச் சுவரில் அம்சவல்லி துணியை விலக்கினாள். வெளிர்பச்சைத் திரையில், கறுத்த சதுரங்களாக, ஏழு திருப்பம் திரும்பிய பாம்பு. வீரையன் ஈர விரலை ஒவ்வொரு சதுரத்தின் மேலும் படாமல் வைத்து எண்ணினார். ஐம்பத்தொன்பது. இன்னொரு முறை எண்ணினார்.

"அந்த ஒண்ணு ஏம்மா தனியா கெடக்கு?"

"அது தீனிப்பா. அடுத்த வருஷத் தண்ணி. அறுபது. திருப்பூர் போனா யாரு சாப்பிடுறது?"

அவர் தலையிலிருந்து மூன்றாவது முறையாக எண்ண ஆரம்பித்தார்.

அப்போது கரையில் ஒரு பைக் வந்து நின்றது. வந்தவனுக்கு இடுப்புவரை சேறு.

"போன் பண்ண வேணாம்னு சொன்னீங்க" என்றான் கோவிந்தராசு அவளிடம். "அதான், தண்ணியோடவே வந்துட்டேன்."

"யாரு தம்பி நீங்க?" என்றார் வீரையன்.

"மேலக்கோட்டை ரெத்தினம் மகன்ங்க."

வீரையன் அவன் சேற்றுக் காலைப் பார்த்தார். மகளின் சேற்றுக் காலையும் பார்த்தார். இரண்டிலும் ஒரே சேறு. மெதுவாகக் கத்தியை எடுத்தார்.

"தலையை வெட்ட மாட்டேன். ஆட்டம் முடிஞ்சிடும்" என்றபடி வாலின் கடைசிச் சதுரத்தை அறுத்தார். அதைக் கோவிந்தராசுவிடம் நீட்டினார். "கடைசித் துண்டு. எங்களுக்கு எப்பவும் இதுதான் வரும், அதுவும் வந்தாத்தான். இன்னைக்கு நீங்க சாப்பிடுங்க தம்பி."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

எல்லோரும் வயலுக்கு மடை வெட்ட ஓடியபின், மதகில் இருவர் மட்டும். வாழை இலையில் கிரீம் உருக ஆரம்பித்திருந்தது. தனிச் சதுரத்தை யாரும் தொடவில்லை.

"அடுத்த வருஷமும் தண்ணி எப்ப வரும்னு சொல்ல உங்களுக்கு ஒரு ஆள் வேணும்ல..." என்றான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "மாத்தல் வந்தாலும் வந்து சொல்லுவேன். வேலை போனாலும் வந்து சொல்லுவேன்."

"தண்ணியைப் பத்தி மட்டும்தானா?"

அவன் திரும்பினான். எதையும் அளக்கிற அந்தக் கண்கள் அளவை மறந்து நின்றன.

"உங்களைப் பிடிச்சிருக்கு அம்சவல்லி. அந்தப் பேப்பர் முதுகுல ஒட்டின நிமிஷத்துலேர்ந்து..."

அவள் தனிச் சதுரத்தை எடுத்தாள். பாதியாக உடைத்தாள். ஒரு பாதியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். விரலை எடுக்க மறந்தாள்.

"எனக்கு ஹெல்மெட்ல மோதினப்பவே..." என்றாள், காது சிவக்க. "சாப்பிடுங்க. அப்பாவுக்கு அடுத்த வருஷம் புதுசா போட்டுக்கலாம். பலகையைத் தூக்கத்தான் ரெண்டு பேர் இருக்கோமே..."